லேப்டாப் வாங்கும் முன் ஒரு வார்த்தை



கல்லூரி திறக்கும் மாதங்களில் நமது அறக்கட்டளை அலுவலகத்துக்கு வரும் கல்வி உதவி மனுக்களில் இப்போது புதிதாக ஒரு வரி சேர்ந்திருக்கிறது. முன்பெல்லாம் கல்லூரிக் கட்டணம், விடுதிக் கட்டணம், புத்தகம் என்று எழுதுவார்கள். இப்போது லேப்டாப் என்றும் எழுதுகிறார்கள். கணினி அறிவியலோ, ஐ.டி.யோ, பி.சி.ஏ.வோ படிக்கும் பிள்ளைக்கு அது ஆடம்பரப் பொருள் அல்ல. தையல்காரருக்குத் தையல் மெஷின் எப்படியோ, அப்படித்தான் அவர்களுக்கு லேப்டாப். அதில் எங்களுக்கு மறுபேச்சு இல்லை. எந்த லேப்டாப்பை, எந்தப் பணத்தில் வாங்குவது என்பதில்தான் பல குடும்பங்கள் சறுக்கி விடுகின்றன.

சென்ற ஆண்டு ஒரு தகப்பனார் வந்தார். மனைவியின் நகையை அடகு வைத்து, மகனுக்கு எழுபத்தைந்தாயிரம் ரூபாயில் லேப்டாப் வாங்கியிருந்தார். "சாஃப்ட்வேர் படிக்கிற பையனா? அப்படியானால் இதுதான் சரி" என்று கடையில் எடுத்துக் கொடுத்தது ஒரு கேமிங் லேப்டாப். எடை இரண்டரை கிலோ. சார்ஜர் தனியாக அரைக் கிலோவுக்கு மேல். பையன் தினமும் ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் போகிறவன். வகுப்பறையில் பிளக் பாயின்ட் கிடைப்பதில்லை. பேட்டரியோ இரண்டு மணி நேரம்கூட நிற்பதில்லை. மூன்றாம் மாதமே அதை வீட்டு மேசையில் வைத்துவிட்டு, கல்லூரியில் நண்பனின் லேப்டாப்பில் இடம் கேட்டு உட்கார்ந்திருக்கிறான். தகப்பனார் எங்களிடம் வந்தது அடகு நகையை மீட்க உதவி கேட்டு.

நாங்களும் தவறியிருக்கிறோம், அதை மறைக்க விரும்பவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு நன்கொடைப் பணத்தில் நான்கு மாணவர்களுக்குப் புது லேப்டாப் வாங்கிக் கொடுத்தோம். "இரண்டு பேருக்கு நல்லதாகக் கொடுப்பதற்குப் பதில், நான்கு பேருக்குக் கொடுக்கலாமே" என்ற எண்ணத்தில், இருப்பதிலேயே மலிவானதைத் தேர்ந்தெடுத்தோம். செலரான் பிராசசர், 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு. விண்டோஸ் அப்டேட் இரண்டு முறை வந்ததும் இடம் நிரம்பிவிட்டது. ரேமைக் கூட்டலாம் என்று பார்த்தால், அது போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருந்தது. அந்த நான்கில் இரண்டு இன்றும் நமது அலுவலக அலமாரியில் கிடக்கின்றன. அமானிதமாக வந்த பணம் அது. அதற்குப் பிறகு, நமது ஊரிலிருந்து சென்று சென்னையிலும் பெங்களூரிலும் மென்பொருள் வேலை பார்க்கும் பிள்ளைகளை உட்கார வைத்துக் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

சுருக்கமாக முதலிலேயே சொல்லி விடுகிறோம். பணத்தை ரேமுக்கும் எஸ்எஸ்டிக்கும் கொடுங்கள். கிராபிக்ஸ் கார்டுக்கும் பளபளப்புக்கும் கொடுக்காதீர்கள். தினமும் சுமக்க வேண்டியது என்றால் எடை ஒன்றரை கிலோவை ஒட்டியே இருக்கட்டும். கையில் பணம் குறைவாக இருந்தால், மட்டமான புதியதைவிட நல்ல பழையதே மேல். இனி விவரமாகப் பார்ப்போம்.

பிள்ளை செய்யப்போகும் வேலை என்ன?

கடைக்குப் போகும் முன் பிள்ளையிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. "சாஃப்ட்வேர்" என்ற ஒரே சொல்லுக்குள் பல வேலைகள் இருக்கின்றன.

சி, ஜாவா, பைத்தான் கற்பதும், இணையதளம் உருவாக்குவதும் கணினிக்குப் பெரிய பாரம் அல்ல. இவற்றுக்கு எழுதும் கருவியான விஎஸ் கோட் இலவசம். அதைவிட அதிகமாக ரேமைத் தின்பது, பக்கத்தில் இருபது பக்கங்களைத் திறந்து வைத்திருக்கும் பிரவுசர்தான்.

ஆண்ட்ராய்டு செயலி எழுதுவது கனமான வேலை. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவும், அதற்குள் ஓடும் பொய்க் கைபேசியான எமுலேட்டரும் சேர்ந்தால் 8 ஜிபி ரேம் திணறும். 16 ஜிபி வேண்டும். எமுலேட்டருக்குப் பதிலாகச் சொந்தக் கைபேசியையே கேபிளில் இணைத்துச் சோதித்தால் பாதிச் சுமை குறையும். இதைத் தெரியாமல் புது லேப்டாப் கேட்கும் பிள்ளைகளும் உண்டு.

ஐபோன் செயலி எழுத எக்ஸ்கோட் என்ற மென்பொருள் வேண்டும். அது ஆப்பிள் கணினியில் மட்டுமே ஓடும். வேலையோ பயிற்சியோ அதைக் கேட்டால் அன்றி, படிக்கும் காலத்தில் மேக்புக்குக்காகக் கடன்பட வேண்டாம். அவசியமே என்றால், 2020 இறுதியில் வந்த எம்1 மேக்புக் ஏர் பழையதாகக் கிடைக்கும், எடை 1.29 கிலோ, பேட்டரியும் நன்றாக நிற்கும். ஆனால் அதில் ரேமை வாங்கிய பிறகு கூட்டவே முடியாது.

"ஏஐ படிக்கிறேன், கிராபிக்ஸ் கார்டு வேண்டும்" என்று பிள்ளைகள் சொல்வார்கள். கற்கும் காலத்துக்கு கூகுள் கோலாப் என்ற சேவை போதும். பிரவுசர் வழியாகவே கிராபிக்ஸ் சிப் உள்ள கணினியை ஓர் அளவு வரை இலவசமாகப் பயன்படுத்தலாம். கேம் உருவாக்குவது, முப்பரிமாணப் படம் வரைவது போன்ற வேலைக்குத்தான் லேப்டாப்பிலேயே தனிக் கிராபிக்ஸ் கார்டு அவசியப்படும்.

ரேம்: மேசையின் அகலம்

ரேமைத் தையல்காரரின் மேசை என்று வைத்துக்கொள்ளுங்கள். மேசை சிறியதாக இருந்தால், ஒரு துணியை மடித்து அலமாரியில் வைத்துவிட்டுத்தான் அடுத்த துணியை விரிக்க முடியும். எவ்வளவு கைத்திறன் உள்ள தையல்காரரானாலும் அங்கே வேலை மெதுவாகத்தான் நடக்கும். நல்ல பிராசசரோடு குறைந்த ரேம் உள்ள கணினியின் நிலையும் இதுதான்.

4 ஜிபி இன்று எந்த மென்பொருள் படிப்புக்கும் போதாது. 8 ஜிபி தொடக்கத்துக்கு ஆகும். 16 ஜிபி இருந்தால் நான்காண்டுப் படிப்பு முடிந்து முதல் வேலை வரை கவலையில்லை.

இங்கே கடைக்காரரிடம் தவறாமல் கேட்க வேண்டியது: "ரேமைப் பிறகு கூட்ட முடியுமா? காலி ஸ்லாட் இருக்கிறதா?" ஸ்லாட் இருந்தால் இன்று 8 ஜிபியோடு வாங்கி, அடுத்த ஆண்டு கையில் பணம் வரும்போது கூட்டிக்கொள்ளலாம். போர்டிலேயே பற்றவைத்தது என்றால் வாங்கும் நாளில் உள்ளதுதான் கடைசி வரை. மெல்லிய லேப்டாப்களில் பலவும் இப்படித்தான் வருகின்றன. அப்படிப்பட்டதில் 8 ஜிபி வாங்காதீர்கள். 16 ஜிபியாகவே பாருங்கள்.

எஸ்எஸ்டி: அலமாரி

மேசை ரேம் என்றால், அலமாரி சேமிப்பு. பழைய ஹார்டு டிஸ்க்கில் ஒரு தட்டு சுழலும். அதன் மேல் ஒரு முள் நகர்ந்து நகர்ந்து படிக்கும். மென்பொருள் வேலையில் ஒரே புராஜெக்ட்டுக்குள் பல்லாயிரம் சின்னச் சின்னக் கோப்புகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் முள் நகர வேண்டும் என்றால் நேரம் போய்க்கொண்டே இருக்கும். எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே இல்லை. அதனால் வேகமும் அதிகம். பஸ்ஸில் குலுங்கினாலும் ஹார்டு டிஸ்க்கைப் போல எளிதில் பழுதாகாது.

256 ஜிபி எஸ்எஸ்டி குறைந்தபட்சம். 512 ஜிபி தாராளம். "1 டிபி ஹார்டு டிஸ்க்" என்று பெரிய எண்ணைக் காட்டினால் மயங்க வேண்டாம். 256 ஜிபி எஸ்எஸ்டியே அதைவிட உதவும். மலிவான புது லேப்டாப்களில் ஈஎம்எம்சி என்று ஒன்று போடுவார்கள். அது எஸ்எஸ்டி அல்ல. கைபேசிகளில் வைக்கும் வகையைச் சேர்ந்தது. நாங்கள் வாங்கி ஏமாந்ததும் அதுதான்.

பிராசசர் பெயரைப் படிக்கும் முறை

ஐ3, ஐ5, ஐ7 என்பதை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. அதற்குப் பின்னால் வரும் எண்ணையும் பார்க்க வேண்டும். இன்டெல் ஐ5-8250யு என்றால் எட்டாம் தலைமுறை. ஐ5-1135ஜி7 என்றால் பதினோராம் தலைமுறை. பழைய ஐ7-7500யு என்பது ஏழாம் தலைமுறை. அதில் இரண்டே கோர். எட்டாம் தலைமுறை ஐ5-8250யுவில் நான்கு கோர். அதாவது பெயரில் பெரிய ஐ7-ஐ, அடுத்த ஆண்டின் ஐ5 மிஞ்சிவிட்டது.

எட்டாம் தலைமுறை இன்னொரு வகையிலும் எல்லைக்கோடு. விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் பொதுவாக நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கோ, இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அங்கீகாரம் உண்டு. அதனால்தான் ஆறாம், ஏழாம் தலைமுறை லேப்டாப்கள் பழைய சந்தையில் மிக மலிவாகக் கிடைக்கின்றன. சில இடங்களில் அவற்றிலும் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றித் தருவார்கள். பார்க்க நன்றாகவே ஓடும். ஆனால் மைக்ரோசாஃப்ட் அதற்குப் பொறுப்பேற்காது.

ஏஎம்டி ரைசனிலும் கவனம் தேவை. ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு இரண்டும் பெயரில் அண்ணன் தம்பி போலத் தெரியும். முதலாவதில் நான்கு கோர், வடிவமைப்பும் பழையது. இரண்டாவதில் ஆறு கோர். அதற்கு அடுத்த தலைமுறை வடிவமைப்பு. ஓர் எண் மாறினால் வேலையே மாறிவிடுகிறது.

எண்ணின் இறுதியில் வரும் யு என்ற எழுத்து குறைந்த மின்சாரத்தில் ஓடும் வகையைக் காட்டும். எச் என்றால் வேகமும் வெப்பமும் மின்செலவும் அதிகம். தூக்கிச் சென்று படிப்பவர்களுக்கு யு வகையே பொருத்தம்.

சுமப்பவர் தோளையும் நினையுங்கள்

கடையில் இரண்டு நிமிடம் கையில் வைத்துப் பார்ப்பது வேறு. சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், புத்தகத்தோடு நான்கு ஆண்டு சுமப்பது வேறு. 14 அங்குலத் திரை, 1.3 முதல் 1.6 கிலோ எடை என்பது நல்ல அளவு. எடையைக் கேட்கும்போது சார்ஜரையும் சேர்த்துக் கேளுங்கள்.

டைப்-சி வழியாகச் சார்ஜ் ஆகும் லேப்டாப் என்றால், சார்ஜர் சிறியதாக இருக்கும். பழுதானால் வேறொன்று எளிதில் கிடைக்கும். 65 வாட் டைப்-சி சார்ஜர் ஒன்று போதும்; அதிலேயே பெரும்பாலான கைபேசிகளையும் சார்ஜ் செய்துகொள்ளலாம்.

திரையில் 1920-க்கு 1080 புள்ளிகள் இருக்கிறதா என்று பாருங்கள். 1366-க்கு 768 என்றால் ஒரே நேரத்தில் தெரியும் வரிகள் குறையும். ஓயாமல் மேலும் கீழும் நகர்த்த வேண்டியிருக்கும். கீபோர்டைப் பிள்ளையே தட்டிப் பார்க்கட்டும். நாள் முழுக்க விரல் படப்போவது அதில்தான்.

புதியதா, பழையதா?

பெரிய நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்குக் கொடுக்கும் லேப்டாப்களை மூன்று நான்கு ஆண்டுகளில் மாற்றிவிடுகின்றன. அவை சுத்தம் செய்யப்பட்டு "ரீஃபர்பிஷ்டு" என்ற பெயரில் விற்பனைக்கு வருகின்றன. லெனோவா திங்க்பேட், டெல் லேட்டிட்யூட், எச்பி எலீட்புக் ஆகியவை இந்த வகை. அலுவலக உழைப்புக்காகச் செய்தவை என்பதால் உடலும் கீபோர்டும் உறுதியாக இருக்கும். உதிரி பாகங்களும் கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக திங்க்பேட் டி480, லேட்டிட்யூட் 7490, எலீட்புக் 840 ஜி5 ஆகிய மூன்றும் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசசரோடு வந்தவை. மூன்றிலும் ரேமுக்கு இரண்டு ஸ்லாட் உண்டு. மூன்றும் டைப்-சியில் சார்ஜ் ஆகும். புதிதாக வந்தபோது இவற்றின் விலை நம் குடும்பங்களுக்கு எட்டாதது. இன்று புதிய மட்டமான லேப்டாப் ஒன்றின் விலைக்கோ, அதற்கும் குறைவாகவோ கேட்கலாம். இவற்றிலும் சில 1366 திரையோடு வந்திருப்பதால் அதைப் பார்த்து எடுக்க வேண்டும். ஆண்டுகள் ஓடிவிட்டதால், கொஞ்சம் கூடக் கொடுத்துப் பத்தாம், பதினோராம் தலைமுறை கிடைத்தால் அதுவே இன்னும் நல்லது.

பழையது வாங்கும்போது கீழ்க்கண்டவற்றைக் கடையிலேயே சோதியுங்கள். சென்னை ரிச்சி தெருவானாலும் நம் ஊர்க் கடையானாலும் இதுவே முறை.

1. ஜிஎஸ்டி பில்லும், எழுத்தில் வாரண்டியும் கேளுங்கள். "நம்ம கடைதானே பாய், பார்த்துக்கலாம்" என்பது வாரண்டி ஆகாது.

2. பேட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். விண்டோஸிலேயே அந்த வசதி உண்டு. புதிதில் இருந்த கொள்ளளவும் இப்போதைய கொள்ளளவும் அதில் பக்கத்தில் பக்கத்தில் வரும். பாதிக்குக் கீழே போயிருந்தால் புதுப் பேட்டரி போட்டுத் தரச் சொல்லுங்கள், அல்லது விலையில் கழியுங்கள்.

3. லேப்டாப்பை ரீசெட் செய்து, இணையத்தில் இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரைக் காட்டி லாகின் கேட்டால் அது இன்னும் அந்த நிறுவனத்தின் பட்டியலில் இருக்கிறது என்று பொருள். எடுக்காதீர்கள்.

4. இயந்திரம் தொடங்கும்போது பயாஸ் பாஸ்வேர்டு கேட்கிறதா என்று பாருங்கள்.

5. அடியில் உள்ள சீரியல் எண்ணைத் தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டு, மாடலும் ஆண்டும் சரிதானா என்று ஒப்பிடுங்கள்.

6. ஒவ்வொரு கீயும், கேமராவும், ஸ்பீக்கரும், எல்லா போர்ட்டும், திரையின் கீலும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். திரையை வெள்ளையாகவும் கறுப்பாகவும் மாற்றிப் பார்த்தால் இறந்த புள்ளிகள் தெரிந்துவிடும்.

புதியது வாங்கும் வசதி உள்ளவர்களுக்கும் அளவுகோல் இதேதான்: 16 ஜிபி ரேம் அல்லது கூட்டத்தக்க 8 ஜிபி, 512 ஜிபி எஸ்எஸ்டி, யு வகை ஐ5 அல்லது ரைசன் 5, ஒன்றரை கிலோ. விண்டோஸ் இல்லாமல் விற்கும் லேப்டாப் சில ஆயிரம் குறைவாக இருக்கும். உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்றவை இலவசம்; மென்பொருள் வேலைக்கு அவை முழுமையாகப் பொருந்தும். ஆனால் கல்லூரியிலோ தேர்விலோ விண்டோஸ் மென்பொருள் எதையாவது கட்டாயமாகக் கேட்கிறார்களா என்று முன்பே விசாரியுங்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது?

"நோ காஸ்ட் இஎம்ஐ" என்ற பலகையைப் பார்த்து, இதில் வட்டி இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கு பல நேரங்களில் வேறு. வங்கி வட்டி போடத்தான் செய்கிறது. அந்த வட்டி அளவுக்கு விற்பவர் விலையில் தள்ளுபடி கொடுப்பதால், மொத்தத்தில் விலை ஏறாதது போலத் தெரிகிறது. கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்டை எடுத்துப் பார்த்தால் வட்டி என்று தனி வரியே இருக்கும். அந்த வட்டியின் மீது 18 சதவீதம் ஜிஎஸ்டியும், பிராசசிங் கட்டணமும் நம் தலையில்தான் விழும். ஒரு தவணை தவறினால் அபராதம் வேறு. இதன் மார்க்கச் சட்டத்தை உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கணக்கு இதுதான் என்பதைத் தெரிந்துகொண்டு கேளுங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

நகையை அடகு வைக்கும் முன் ஒரு தடவை நமது அலுவலகத்துக்கு வாருங்கள். நமது வட்டியில்லாக் கடன் நிதி பெரியது அல்ல. ஆனால் எழுபத்தைந்தாயிரம் தேவை என்று வருபவரின் உண்மையான தேவை முப்பதாயிரத்துக்குள் முடிந்துவிடுவதை நாங்கள் பலமுறை பார்த்துவிட்டோம். அந்த அளவுக்கு வழி காண்பது எளிது.

வாங்காமலே இருக்க முடியுமா?

முதலாண்டு மாணவருக்குச் சில நேரம் முடியும். வீட்டில் பழைய லேப்டாப் ஒன்று கிடக்கலாம். தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அண்ணனோ அக்காவோ வாங்கியது இன்னும் பல வீடுகளில் பரண்மேல் இருக்கிறது. ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டு, ரேமைக் கூட்டி, லினக்ஸ் மின்ட் ஏற்றினால், சியும் பைத்தானும் கற்க அது ஓராண்டு ஓடும். அதற்குள் பிள்ளைக்கு எந்த வேலையில் ஆர்வம் என்பது தெரிந்துவிடும். தெரிந்த பிறகு வாங்குவது வீணாகாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. சில வீடுகளில் மகனுக்குப் புதியது, மகளுக்கு அவன் கழித்தது என்று வழக்கம் இருக்கிறது. மகன் வணிகவியலும் மகள் கணினி அறிவியலும் படித்தால்கூட இதே முறைதான். 16 ஜிபி தேவைப்படுவது யாருக்கு என்று வேலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வீட்டிலிருந்தே செய்யும் மென்பொருள் வேலை நம் பெண் பிள்ளைகள் பலருக்கு நல்ல வருமானமாக அமைந்திருக்கிறது. அவர்கள் கையில் இருக்கும் கருவி சரியாக இருக்கட்டும்.

கடைக்கு எடுத்துச் செல்ல ஐந்து கேள்விகள்

ரேம் எத்தனை ஜிபி, பிறகு கூட்ட முடியுமா? சேமிப்பு எஸ்எஸ்டியா, ஈஎம்எம்சியா? பிராசசரின் முழு எண் என்ன? சார்ஜரோடு சேர்த்து எடை எவ்வளவு? பழையது என்றால் பேட்டரி ரிப்போர்ட்டும் பில்லும் தருவீர்களா? இந்த ஐந்துக்கும் நேரான பதில் தராத கடையில் வாங்காதீர்கள்.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்குப் பின் நமது அலுவலகத்தில், மென்பொருள் துறையில் வேலை பார்க்கும் தம்பிமார்களில் ஒருவர் இருக்கும்படி ஏற்பாடு செய்திருக்கிறோம். வாங்க நினைக்கும் மாடலின் பெயரை ஒரு சீட்டில் எழுதி வந்தால் பார்த்துச் சொல்வார்கள். தங்கள் அலுவலகத்தில் பழைய லேப்டாப்களை மாற்றும் சகோதரர்கள், தகவல்களை முழுவதுமாக அழித்துவிட்டு அவற்றை நமக்குத் தந்தால், பழுது பார்த்துத் தேவையுள்ள மாணவர்களுக்குக் கொடுப்போம், இன்ஷா அல்லாஹ். எங்கள் அலமாரியில் கிடக்கும் அந்த இரண்டோடு மூன்றாவதாக எதுவும் சேராமல் பார்த்துக்கொள்வது இனி எங்கள் பொறுப்பு.

வஸ்ஸலாம்.

செயலாளர்